கமிஷனர் என்றதும் ஒரு ‘டக்’

சொந்த மீசைக்கு மேலே இன்னொரு மீசையை ஒட்டிக்கொண்டு வந்து நின்றார் அந்தப் பெரிய மனிதர்.

கதவைத் திறந்த கொழுந்தன் அவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தான். ஒரு தடவை கீழிருந்து மேலே பார்த்தான்.

"வாங்க கமிஷனர் சார். மீசை ஒண்ணு கூடுதலா இருக்கே, வழியில யாராவது தவற விட்டதா?"

பெரிய மனிதரின் முகம் விழுந்துவிட்டது. "எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"ஊர்ல சுவர் பாக்கியில்லாம உங்க படம்தானே சார் ஒட்டியிருக்கு. பாதிப் படத்துக்குக் கீழே ‘இருக்கட்டும்’னு போட்டிருக்கு. மீதிக்குக் கீழே ‘போகட்டும்’னு போட்டிருக்கு. எங்க தெருவுல மட்டும் ‘முதல்ல சாக்கடையைச் சரி பண்ணுங்க’னு போட்டிருக்கு."

"தம்பி, வந்தவரை முதல்ல உள்ளே விடு" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதுதான் அண்ணி. சலவைக் கடைக்கு மேலே, எந்நேரமும் இஸ்திரிச் சூடு ஏறி வருகிற இரண்டு அறைகளில் துப்பறியும் தொழில் நடத்துபவள். கணவன் கப்பலில் என்ஜினியர். புறப்படும்போது தன் தம்பியைக் கூப்பிட்டு, "அண்ணியைப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அண்ணிதான் அவனுக்குச் சோறு போட்டு, சட்டை எடுத்துக் கொடுத்து, உதவியாளன் என்று ஒரு பட்டமும் கொடுத்து வைத்திருக்கிறாள். பதிலுக்கு அவன் வாயை மூடாமல் பேசுகிறான். அண்ணி என்ற பெயர் இப்போது ஊருக்கே பொது. போன மாதம் அவளிடம் கையும் களவுமாக மாட்டிய திருடன்கூட, "விட்டுடுங்க அண்ணி" என்றுதான் அழுதான்.

கமிஷனர் நாற்காலியில் உட்கார்ந்து ஒட்டு மீசையைப் பிய்த்தார். சொந்த மீசையிலிருந்தும் கொஞ்சம் அதோடு வந்துவிட்டது. கண்ணில் துளிர்த்த நீர் மீசைக்காகவா, சொல்லப்போகிற கதைக்காகவா என்று அண்ணிக்கே பிடிபடவில்லை.

கதை ஊருக்குத் தெரிந்ததுதான். கமிஷனரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று நகரமே இரண்டாகக் கிடந்தது. சலூனில் வாக்குவாதம் முற்றி, பாதி முகம் மழித்த ஆள் மீதி நுரையோடு எழுந்து வெளியே போயிருந்தார். வீடுகளில் கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி, மாமியார் இரண்டு கட்சியையும் திட்டுகிற கட்சி. அன்று சாயங்காலம் நகர மண்டபத்தில் மேயர் தலைமையில் பொது விவாதம். யார் வேண்டுமானாலும் பேசலாம். கடைசியில் கை தூக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

"திருட்டு குறைஞ்சிருக்கும்மா" என்றார் கமிஷனர். "பொம்பளைங்க இருட்டுன பிறகும் பயமில்லாம நடந்து வர்றாங்க. இதையெல்லாம் ஒருத்தரும் பேசறதில்ல. அந்த உள்ளாள் சொல்றதைத்தான் ஊரே பேசுது."

உள்ளாள் என்பதும் ஊர் வைத்த பெயர். நகர வானொலியில் தினமும் காலையில் நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி உண்டு. அதில் ஒரு ஆள் மூக்கடைத்த குரலில், "நான் உள்ளேயிருந்து பேசறேன்" என்று ஆரம்பித்து, கமிஷனரின் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்றதெல்லாம் பொய்யா?"

"பொய்யா இருந்தா நான் ஏம்மா கவலைப்படறேன்? வண்டித் திருட்டு ஒழிப்பு விழாவுக்குப் போனேன். மேடையில பேசி முடிக்கறதுக்குள்ள என் ஜீப்பைக் கிளப்பிட்டுப் போயிட்டான். அது உண்மை. பஸ்ல தொங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அதுவும் உண்மை."

"லாக்கப் விஷயம் சார்?" கொழுந்தன் ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"பூட்டு சரியா வேலை செய்யுதான்னு உள்ளே நின்னு கதவைச் சாத்திப் பார்த்தேன்."

"செஞ்சுதா?"

"செஞ்சுது."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தவன்தான் திறந்துவிட்டான். உள்ளே வெளிச்சம் பத்தல, அவனுக்கு என்னை அடையாளம் தெரியல. ‘இனிமேலாவது ஒழுங்கா பிழைச்சுக்கோ’ன்னு புத்தி சொல்லி அனுப்பினான்."

"அப்ப அது நீங்கன்னு அவனுக்கே தெரியாது" என்றாள் அண்ணி.

"தெரியாது. ஆபீஸ்ல நான் மூச்சு விடல. வீட்லயும் சொல்லல. ஆனா மறுநாள் காலையில வானொலியில வந்துடுச்சு."

"இதுக்குப் போய் துப்பறியணுமா அண்ணி?" கொழுந்தன் திரும்பினான். "அடுத்தவர்தான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்."

அடுத்தவர் என்றால் துணைக் கமிஷனர். அடுத்த கமிஷனர் தான்தான் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. போன வாரம்தான் கமிஷனர் அறை ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்து வரும்படி ஆள் அனுப்பியிருந்தார். கமிஷனர் அப்போது அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அளவெடுக்க வந்தவன் அவரைக் கொஞ்சம் நகரச் சொன்னான், அவரும் நகர்ந்தார்.

"பதவி போனா போகட்டும்னு விட்டுடலாமே சார்?" என்றாள் அண்ணி. "இவ்வளவு பேச்சு கேட்டுக்கிட்டு எதுக்கு?"

கமிஷனர் பிய்த்த ஒட்டு மீசையைத் தடவிக்கொடுத்தார். "நாள் பூரா திட்டு வாங்கறேம்மா. நடுவுல ஒரே ஒரு வேளைதான் எனக்கு நிம்மதி. பதவி போனா அதுவும் போயிடும்."

"என்ன நிம்மதி?"

அந்தப் பெரிய உடம்பு வெட்கப்பட்டதை அண்ணி கண்ணால் பார்த்தாள். "அது சொந்த விஷயம்" என்று சொல்லிவிட்டு, ஒட்டு மீசையைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

*

வானொலி நிலையத்தில் அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவள் நேரில் பேசும்போதும் வானொலியில் பேசுவது போலவே பேசினாள். நடுவில் எங்காவது விளம்பரம் வரும் என்று கொழுந்தன் காத்திருந்தான். உள்ளாள் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள்.

"நான் உள்ளேயிருந்து பேசறேன். நம்ம கமிஷனர்..." என்றது மூக்கடைத்த குரல்.

டக்.

"...பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனது உங்களுக்குத் தெரியுமா?"

"கமிஷனரா? பஸ்ஸிலா?" என்றது வானொலிக்காரியின் குரல்.

டக்.

"அது என்ன சத்தம்?" என்றாள் அண்ணி.

"எங்க லைன்ல கோளாறு மேடம். ரொம்ப நாளா சரி பண்ணச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கேட்டாள். உள்ளாள் மேயரைப் பற்றிச் சொன்னான், சத்தம் இல்லை. அடுத்தவரைப் பற்றிச் சொன்னான், சத்தம் இல்லை. கமிஷனர் என்ற சொல் வந்தது. டக்.

"ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் கோளாறு ஆகற லைன் எந்த ஊர்ல இருக்கு?"

"விக்கலா இருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"விக்கல் ஆளைப் பார்த்து வராது. இந்தம்மா சொன்னப்பவும் வருது, கவனிச்சியா? அவன் வாயிலேர்ந்து வர்ற சத்தம் இல்ல தம்பி. காதுல விழுந்ததும் வர்ற சத்தம். நீ கொஞ்சம் எந்திரிச்சு விறைப்பா நில்லு. குதிகால் ரெண்டையும் சேர்."

கொழுந்தன் சேர்த்தான். அவன் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. சப் என்றது.

வாசல் காவலாளியிடம் பூட்ஸைக் கடன் வாங்கினார்கள். காவலாளி வெறுங்காலோடு, இந்த ஊரில் என்னவெல்லாம் நடக்கிறது என்ற முகத்தோடு நின்றார். தாழ்வாரத்துச் சிமென்ட் தரையில் கொழுந்தன் குதிகாலைச் சேர்த்தபோது ‘டப்’ என்றது. ஒலிப்பதிவு அறையில் பலகை போட்டு உயர்த்திய தரையில் சேர்த்தபோது அச்சு அசலாக அதே ‘டக்’ வந்தது. வானொலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூட்ஸ் போட்ட ஆள். நின்னுக்கிட்டுப் பேசறான், மரத் தரை மேல" என்றாள் அண்ணி. "கமிஷனர்னு காதுல விழுந்ததும் கால் தன்னால சேர்ந்துடுது."

"திட்டறதும் அவரை, விறைப்பா நிக்கறதும் அவருக்கா?"

"திட்டறது வாய். நிக்கறது கால். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதில்ல போல."

"மரத் தரைன்னா முடிஞ்சுது கேஸ்!" கொழுந்தன் துள்ளினான். "அடுத்தவர் தன் ரூமுக்குப் புதுசா பலகை போட்டிருக்கார். ஊரே பேசுது."

"அவர் பூட்ஸ் இருக்கட்டும், முதல்ல என் பூட்ஸைக் குடு" என்றார் பின்னாலிருந்து காவலாளி.

*

தலைமை அலுவலகத்தின் நீள வராந்தாவில் கொழுந்தன் ஒவ்வொரு மேஜையாக நின்று, "கமிஷனர்!" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். நகம் வெட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த விரலுக்குப் போனார். இன்னொருவர் மேஜை மேல் போட்டிருந்த காலைக் கொஞ்சம் உயர்த்தி, யோசித்து, திரும்ப அங்கேயே வைத்தார். மூன்றாமவர், "அவர் இல்ல, அப்புறமா வா" என்றார். குதிகால் சேர்க்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

அடுத்தவரின் அறையில் பளபளவென்று புதுப் பலகைத் தரை. அவர் பூட்ஸும் பளபளத்தது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"உட்காருங்க" என்றார் அடுத்தவர். "என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அண்ணி. "கமிஷனர்..."

"சொல்லுங்க, நான்தான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பூட்ஸ் அசையவேயில்லை. அண்ணி கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன அண்ணி, ஆளைப் பிடிக்காம வந்துட்டீங்க?"

"இவர் இல்ல தம்பி. அந்த வார்த்தை காதுல விழுந்தா இவர் எந்திரிக்க மாட்டார். தனக்குத் தானே யாராவது சல்யூட் அடிச்சுப்பாங்களா?"

கொழுந்தன் வாய் திறக்குமுன் மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கதவிடுக்கில் வாத்து மாட்டிக்கொண்டு, வெளியே வர மனமில்லாமல் கத்துவது போல ஒரு சத்தம். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும், கால் நீட்டியிருந்தவர் உட்பட, சட்டென்று எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். கமிஷனர் என்ற சொல்லுக்கு அசையாதவர்கள் இதற்கு அசைந்தார்கள்.

அண்ணி அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தாள்.

*

மைதானத்தின் மறுகோடியில் போலீஸ் வாத்தியக் குழுவின் ஒத்திகைக் கொட்டகை. வாசலில் பெரிய முரசு அடிக்கிற ஆள் நின்று, ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே பஞ்சு.

"வெச்சுக்குங்க. புதுசா வர்றவங்களுக்குத் தாங்காது."

கொட்டகை முழுக்கப் பலகை மேடை. மேடை ஓரத்துச் சுவரில் ஒரு போன். குழுவில் எல்லோரும் காதில் பஞ்சோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தையே மறந்து டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார் கமிஷனர். காலையில் பார்த்த சோகமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறந்த நாள் குழந்தைக்குக்கூட அப்படி ஒரு முகம் இருக்காது.

ஊதி முடித்துக் கண்ணைத் திறந்தார். "எப்படி மாஸ்டர்?"

அவர் எதிரே கையில் சின்னக் கோலோடு நின்ற ஒல்லியான மனிதர், வாத்தியக் குழுவின் மாஸ்டர், நரைத்த தலையை நிமிர்த்தினார். பூட்ஸ் குதிகால்கள் சேர்ந்தன.

டக்.

"பிரமாதம் ஐயா!"

கதவோரம் நின்ற அண்ணி கொழுந்தனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கமிஷனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலையில ஒரு கூத்து மாஸ்டர். ஒட்டு மீசை வெச்சுக்கிட்டு ஒரு இடத்துக்குப் போனேன், ஒரு பய உடனே கண்டுபிடிச்சுட்டான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்ககிட்ட மட்டும்தான் மனசு விட்டுப் பேச முடியுது." சொல்லிவிட்டு, சாயங்காலக் கூட்டத்துக்கு உடை மாற்ற வேண்டும் என்று பின் வாசல் வழியே போய்விட்டார்.

"நாளைக்குக் காலையில வானொலியில மீசை வரும் அண்ணி" என்று முணுமுணுத்தான் கொழுந்தன். "என்னைப் பயன்னு வேற சொல்லப் போறாங்க."

அண்ணி மேடையேறி மாஸ்டரின் முன்னால் நின்றாள். "கமிஷனர்" என்றாள்.

டக்.

மாஸ்டர் தன் காலைத் தானே பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். குழுவில் ஒவ்வொருவராகப் பஞ்சை எடுக்க ஆரம்பித்தார்கள்.

"எனக்கு ஐயாவைப் பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்கம்மா" என்றார் மாஸ்டர். குரல் இப்போது மூக்கடைக்கவில்லை. "தங்கமான மனுஷர். ஆனா ஊதறாரே! நகரங்களுக்கு நடுவுல வாத்தியப் போட்டி நடக்குது. போன தடவை நடுவர் எழுந்து வந்து, ‘அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா’ன்னு கேட்டார். இந்த வருஷமும் கடைசியா வந்தா குழுவையே கலைச்சுடறதா மேயர் சொல்லிட்டார். இந்தப் பசங்க எல்லாம் நாற்சந்தியில கை காட்டப் போகணும். வாழ்நாள் பூரா சேர்த்த குழும்மா இது."

"அதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"மேலதிகாரியைப் பார்த்து, நீங்க பண்றது தப்புன்னு எப்படிச் சொல்றது? தினமும் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டுத்தான் வர்றேன். அவரைப் பார்த்ததும் கால் சேர்ந்துடும். கால் சேர்ந்தா வாய் ‘பிரமாதம்’னுதான் சொல்லும். வேற எதுவும் சொல்லத் தெரியல."

"அப்ப ஊதாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, ஊரையே கூட்டி அவர் வேலையைப் பறிக்கப் பார்த்தீங்க" என்றான் கொழுந்தன். "நல்லவேளை மாஸ்டர், உங்களுக்கு மேயர் மேல கோபம் வரல. ஊரையே இடிச்சிருப்பீங்க."

அண்ணி சிரிக்கவில்லை. "லாக்கப் கதை அவர் உங்ககிட்ட மட்டும் சொன்னது."

மாஸ்டர் மேடை விளிம்பில் உட்கார்ந்து அழுதார். "தெரியும்மா. அதைச் சொல்லிட்டு போனை வெச்சப்ப என் மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. இனிமே பேசவே கூடாதுன்னு நினைச்சேன். ஆனா மறுநாள் ஐயா வந்து மறுபடி ஊதினார்."

முரசுக்காரர் தலையசைத்து ஆமோதித்தார். அன்று அவர் பஞ்சு கொண்டு வர மறந்திருந்தாராம்.

"சாயங்காலம் மைக் பிடிச்சு நீங்களே சொல்லணும்" என்றாள் அண்ணி. "நான் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னாத்தான் அது மன்னிப்பு. பயப்படாதீங்க, மைக்குல பேசறவர் முதுகு அவர் பக்கம் இருக்கும். உங்க கண்ணுல அவர் பட மாட்டார்."

*

நகர மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் மேயர், அவருக்கு இந்தப் பக்கம் கமிஷனர், அந்தப் பக்கம் புதுத் தையல் சீருடையில் அடுத்தவர்.

"தன் ஜீப்பையே பறிகொடுத்தவர் ஊரை எப்படிக் காப்பாத்துவார்?" என்றார் பாதி முகம் மழித்தவர். மீதி முகத்தில் தாடி வளர ஆரம்பித்திருந்தது. பலத்த கைதட்டல்.

ஒரு நர்ஸ் எழுந்தாள். "ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு முன்னெல்லாம் அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகணும். இப்ப நான் தனியா நடந்து போறேன். எனக்கு ஜீப் முக்கியமில்ல." இதற்கும் பலத்த கைதட்டல். தட்டியவர்கள் பாதிப் பேர் முன்னே தட்டியவர்கள்தான்.

அடுத்து ஒரு ஒல்லி ஆள் மைக்கைப் பிடுங்கினான். "இந்தக் கமிஷனர் வேண்டவே வேண்டாம்! இவர் வந்த பிறகு என் தொழிலே படுத்துடுச்சு!"

"என்னப்பா தொழில்?" என்றார் மேயர்.

அவன் யோசித்தான். "பஸ்ல... கூட்டத்துல... சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில் மாஸ்டர் மைக்குக்கு வந்தார்.

"உள்ளாள் நான்தான்" என்றார்.

மண்டபம் கொந்தளித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் சொன்னதெல்லாம் நடந்தது. ஆனா நான் சொன்ன காரணம் கேவலமானது. நம்ம கமிஷனர்..."

டக். மைக்கில் அது மண்டபம் பூரா கேட்டது.

"அட, நம்ம லைன் நல்லாத்தான் இருக்கு!" என்றாள் முன்வரிசையில் வானொலிக்காரி.

"...நல்ல கமிஷனர். ஆனா அவருக்கு டிரம்பெட் ஊதத் தெரியாது. ஒரு சுரம்கூட இடத்துல நிக்காது. அதை மூஞ்சிக்கு நேரா சொல்லத் துணிச்சலில்லாம அவர் வேலைக்கு உலை வெச்சேன். என்னை மன்னிச்சு அவரை விட்டுடுங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சிக்காரன் தோளில் தட்டிச் சிரித்தார்கள். மேயர் கை தூக்கச் சொன்னார். ‘இருக்கட்டும்’ என்றதும் மண்டபத்தில் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அடுத்தவர்கூட நாலு பக்கமும் பார்த்துவிட்டு அரைக் கை தூக்கினார்.

"இருக்கட்டும், ஆனா ஊதக் கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"நல்ல யோசனை" என்றார் மேயர். "கமிஷனர் இனி ஊத மாட்டார் என்ற நிபந்தனையோடு..."

"ஜெயிச்சுட்டோம் அண்ணி!" என்றான் கொழுந்தன்.

அண்ணி கமிஷனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் சிரிக்காத ஒரே முகம் அது. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கமிஷனர் எழுந்தார்.

"திருடனைப் பிடிக்கத் தெரியலைன்னு சொன்னீங்க, தாங்கிக்கிட்டேன். பஸ்ல தொங்கினேன்னு சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். ஆனா என்னைப் பிரமாதம்னு சொன்னவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான். அவரும் பொய்தான் சொல்லியிருக்கார். அதுதான் வலிக்குது மாஸ்டர்."

மாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் ஏன் பொய் சொன்னார்னு இப்ப உக்காந்து யோசிச்சேன். தப்பு அவர் மேல இல்ல. இது மேல." கமிஷனர் தொப்பியைக் கழற்றினார். "இது என் தலையில இருக்கற வரைக்கும் எனக்கு ஒருத்தரும் உண்மை சொல்லப் போறதில்ல. சொன்னா வானொலியிலதான் சொல்வாங்க."

தொப்பியை மேயர் முன்னால் மேஜையில் வைத்தார். அது மேஜையைத் தொடுவதற்கு முன்பே அடுத்தவரின் கை அதன் மேல் இருந்தது.

"எடுத்துக்குங்க" என்றார் கமிஷனர் அவரிடம். "ரோந்து எல்லாம் ஒழுங்கா போட்டு வெச்சிருக்கேன். அந்த நர்ஸ் பொண்ணு நாளைக்கும் தனியா நடந்து போகணும். ஒரு தெருவுல ரோந்தைக் குறைச்சீங்கன்னு தெரிஞ்சாலும், டிரம்பெட்டோட உங்க ஜன்னலுக்குக் கீழே வந்து நிப்பேன்."

அடுத்தவரின் முகம் வெளுத்தது. "குறைக்க மாட்டேன் சார், சத்தியமா குறைக்க மாட்டேன்."

கமிஷனர் மேடையில் நடந்து மாஸ்டரின் முன்னால் வந்து நின்றார். தொப்பி இல்லாத தலையில் நாலைந்து முடி கலைந்து நின்றது. "மாஸ்டர், இப்ப நான் யாருமில்ல. எனக்கு ஊதக் கத்துத் தருவீங்களா?"

கொழுந்தன் வாயைத் திறந்தான், பிறகு தானாகவே மூடிக்கொண்டான்.

மாஸ்டர் அந்த வெறும் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, குழுவில் புதிதாகச் சேருகிற பொடியன்களை அதட்டுகிற அதே குரல் அவரிடமிருந்து கிளம்பியது.

"முதல்ல அந்தக் கன்னத்தை உப்பறதை நிறுத்து. மூச்சு வயித்துலேர்ந்து வரணும். உன்னை யாரு எடுத்த எடுப்புல டிரம்பெட்டைத் தொடச் சொன்னது? கொஞ்ச நாள் கடைசி வரிசையில உக்காந்து காதால கேளு. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதே."

மேயர் பதறிப்போய் எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

திட்டு வாங்கியவர் முகமோ மலர்ந்துகொண்டே போனது. "சரிங்க மாஸ்டர்" என்றார். சொன்னவர் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.